தர்சோவும் குற்றாலமும்



நான் தென்காசிப் பகுதியில் தலைமையாசிரியனாக இருந்த நாளில், மேல்வகுப்பு மாணவன் ஒருவன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். "ஐயா, இந்த மலையடி மூலையில் இருந்துகொண்டு ஒருவன் என்ன ஆராய்ச்சி செய்துவிட முடியும்? நூலகம் சென்னையில் இருக்கிறது. ஆய்வுக்கூடம் சென்னையில் இருக்கிறது. நம் ஊரில் அருவிதானே இருக்கிறது?" என்றான். மணி அடித்துவிட்டது, நான் சொன்ன விடை அரைகுறையாகவே நின்றுபோயிற்று. அதை இன்று முழுதாகச் சொல்ல விரும்புகிறேன். ஆனால் விடையைக் குற்றாலத்தில் தொடங்க முடியாது; ஸ்காட்லாந்து நாட்டின் கடற்கரை ஊர் ஒன்றில் தொடங்கித்தான் குற்றாலத்துக்கு வரவேண்டும். சற்றே பொறுத்துக் கேளுங்கள்.

உலகப் படத்தை விரித்து, பிரித்தானியப் பெருந்தீவின் வடகோடியைப் பாருங்கள். அங்கே தர்சோ என்று ஓர் ஊர் உண்டு. அந்தத் தீவின் நிலப்பரப்பில் அதற்கு வடக்கே வேறு நகரம் இல்லை. எதிரே கடல், கடலுக்கு அப்பால் ஆர்க்கினித் தீவுகள். கோடையில் நள்ளிரவிலும் வானம் முற்ற இருள்வதில்லை. மார்கழியிலோ பிற்பகல் நான்கு மணிக்கு முன்பே இருட்டிவிடும். ஓயாத கடற்காற்றினால் மரங்கள் அரிது. புகைவண்டி அவ்வூரை எட்டியது 1874ஆம் ஆண்டில்தான்.

அத்தகைய ஊருக்கு 1830ஆம் ஆண்டில் பத்தொன்பது வயது இளைஞன் ஒருவன் ரொட்டிக்கடை வைக்க வந்து சேர்ந்தான். அவன் பெயர் ராபர்ட் டிக். பதின்மூன்று வயதிலேயே பள்ளியை விட்டு ரொட்டி சுடும் தொழிலில் பயிற்சிக்குப் போனவன். தர்சோவில் அவன் வாழ்ந்த முப்பத்தாறு ஆண்டுகளும் ஒரே மாதிரியானவை. விடியுமுன் எழுந்து மாவு பிசைவான், அடுப்பு மூட்டுவான், ரொட்டியைச் சுட்டு அடுக்குவான். வேலை முடிந்ததும் ஆணி அடித்த கனத்த காலணியை மாட்டிக்கொண்டு கடற்கரையோரமாகவோ மலைப்பக்கமாகவோ நடக்கத் தொடங்குவான். ஒரே நடையில் முப்பது நாற்பது மைல் போய்த் திரும்பியதும் உண்டு. திரும்பி வந்தால் மறுநாள் மாவு காத்திருக்கும். மணம் செய்துகொள்ளவில்லை. ஊரார் அவரை ஒரு மாதிரியான மனிதர் என்றே எண்ணினர்.

நடையில் அவர் தேடியவை இரண்டு. ஒன்று செடி, மற்றொன்று பாறைக்குள் கல்லாகிக் கிடந்த மீன். தர்சோவைச் சுற்றியுள்ள பாறை அடுக்கடுக்காகப் பிளக்கும் பாறை. அதைச் சுத்தியால் தட்டிப் பிரித்தால், எத்தனையோ கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மீன்களின் செதிலும் எலும்பும் கிடைக்கும். டிக் அவற்றைத் தேடி எடுத்து, ஹியூ மில்லர் என்பவருக்கு அனுப்பினார். மில்லரும் கிராமார்ட்டி என்னும் சிறு கடற்கரை ஊரில் பிறந்து, கல் கொத்தும் தொழிலாளியாக இருந்து, பின்னர் நிலவியல் நூல்கள் எழுதிப் புகழ் பெற்றவர். கொத்தரும் ரொட்டிக்காரரும் சேர்ந்து பேராசிரியர்களின் முடிவுகளைத் திருத்தினார்கள் என்பது ஆசிரியத் தொழிலில் இருந்த எனக்குச் சிறிது சங்கடத்தையும் பெரிதும் மகிழ்ச்சியையும் தருகிற செய்தி.

1858ஆம் ஆண்டில் புகழ்பெற்ற நிலவியல் அறிஞர் சர் ராடரிக் மர்ச்சிசன் தர்சோவுக்கு வந்தார். அந்த வட்டாரத்தின் நில அமைப்பைப் பற்றி டிக்கிடம் கேட்டார். டிக் தாளைத் தேடவில்லை. ரொட்டிப் பலகையின்மேல் மாவைக் கொட்டினார். விரலால் குவித்தும் வழித்தும் மலை, பள்ளத்தாக்கு, பாறை முறிந்த இடம், கடற்கரை வளைவு எல்லாவற்றையும் அந்த மாவிலேயே காட்டினார். அச்சிட்ட படங்களில் இருந்த பிழைகளையும் சுட்டிக் காட்டினார். மர்ச்சிசன் அதே ஆண்டில் லீட்ஸ் நகரத்தில் கூடிய அறிவியல் பேரவையில் இதை வியந்து எடுத்துரைத்தார்.

செடியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வட ஐரோப்பாவில் திருநாட்களில் கோயில் வாயிலில் தூவும் மணமுள்ள புல் ஒன்று உண்டு. நம் ஊர் வெட்டிவேரைப் போல அதன் மணத்துக்காகவே மக்கள் அதை விரும்பினர். அது பிரித்தானியத் தீவில் இல்லை என்று முடிவுகட்டி, நூலோர் அதைப் பட்டியலிலிருந்தே நீக்கியிருந்தனர். டிக் அதைத் தர்சோ ஆற்றங்கரையில், ஊருக்கு அருகிலேயே, 1834ஆம் ஆண்டளவில் கண்டார். கண்டவர் பறைசாற்றவில்லை. இருபது ஆண்டுகள் கழித்து, 1854இல்தான் எடின்பரோவில் உள்ள தாவரவியல் கழகத்துக்கு அந்தப் புல்லை அனுப்பிவைத்தார்.

அவருடைய முடிவு வருத்தத்துக்குரியது. ஊரில் வேறு ரொட்டிக்கடைகள் வந்தன, வாடிக்கை குறைந்தது. 1863இல் அவருக்கு மாவு ஏற்றிவந்த கப்பல் அபர்டீன் அருகே உடைந்துபோயிற்று. கடனைத் தீர்க்க, ஆயுள் முழுதும் சேர்த்த கல்மீன்களை 46 பவுனுக்கு விற்றார். 1866ஆம் ஆண்டு டிசம்பரில் இறந்தார். உயிரோடிருந்தபோது ரொட்டி வாங்கத் தயங்கிய ஊர், இறந்தபின் திரண்டு வந்து அடக்கம் செய்து நினைவுக்கல்லும் நாட்டியது. (இந்த வழக்கம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று போலும்!) ஆனால் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: அவர் உலர்த்தித் தாளில் ஒட்டிவைத்த செடித் தொகுப்பு தர்சோவிலேயே தங்கிவிட்டது. அந்த ஊர்ப் பிள்ளைகள் தம் ஊர்ப் புல்லைத் தம் ஊரிலேயே போய்ப் பார்க்கலாம்.

இனிக் குற்றாலத்துக்கு வருவோம்.

டிக் ஆற்றங்கரையில் அந்தப் புல்லைக் கண்ட அதே 1834ஆம் ஆண்டில், மற்றொரு ஸ்காட்லாந்துக்காரர் விடுமுறை முடிந்து சென்னை மாகாணத்துக்குத் திரும்பினார். அவர் ராபர்ட் வைட். 1796இல் ஈஸ்ட் லோதியன் பகுதியில், பெரிய குடும்பம் ஒன்றில் பிறந்தவர். எடின்பரோவில் மருத்துவம் பயின்று, 1819இல் கிழக்கிந்தியக் கும்பெனியின் துணை மருத்துவராக இந்தியாவுக்கு வந்தார். மருத்துவம் அவருக்குச் சோறு போட்டது. மனம் செடியில் இருந்தது. அக்காலத்து மருத்துவருக்குச் செடியறிவு தேவையான படிப்பே. மருந்துகளில் பெரும்பகுதி செடியிலிருந்துதான் வந்தது. எனினும் வைட் மருந்துக்கு வேண்டிய அளவோடு நிற்கவில்லை.

தொடக்கத்திலேயே அவருக்கு ஓர் அடி விழுந்தது. சாமர்லகோட்டை, ராஜமகேந்திரவரம், வேலூர், சென்னை ஆகிய இடங்களில் சேர்த்த செடிகளைக் கட்டி எடின்பரோவில் இருந்த பேராசிரியர் கிரகாமுக்குக் கப்பலில் அனுப்பினார். நன்னம்பிக்கை முனையருகே கப்பல் உடைந்தது. அத்தனையும் கடலோடு போயிற்று. டிக்கின் மாவும் வைட்டின் செடியும் கடலில்தான் போயின என்பதை எண்ணிப் பாருங்கள். தொலைவில் இருந்து வேலை செய்கிறவனுக்குக் கடல் நண்பனுமன்று, பகைவனுமன்று; அது வாங்கும் சுங்கத்தை வாங்கிக்கொண்டேயிருக்கும்.

1826இல் வைட்டைச் சென்னை அரசாங்கத்தின் இயற்கையியலராக நியமித்தனர். இரண்டே ஆண்டில், 1828இல், சிக்கனம் என்று சொல்லி அந்தப் பதவியையே எடுத்துவிட்டார் அப்போதைய ஆளுநர் லூஷிங்டன். இந்த லூஷிங்டனை நீங்கள் அறிவீர்கள். கட்டபொம்மன் வரலாற்றில் நெல்லைச் சீமையின் கலெக்டராக வருகிறாரே, அவரேதான்! பதவி போன வைட் நாகப்பட்டினத்துக்குப் படை மருத்துவராகப் போனார். எடின்பரோவில் படித்த ஒருவருக்கு அன்றைய நாகப்பட்டினம் எப்படி இருந்திருக்கும்? தர்சோவைப் போல அதுவும் கடற்கரை ஊர். சந்தேகம் கேட்க அருகில் ஒரு தாவரவியலர் இல்லை. கையில் ஒரு செடி. அது புதியதா, பழையதா? ஒப்பிட்டுப் பார்க்க நல்ல நூலகம் இல்லை. சூயஸ் கால்வாய் இல்லாத காலம். கடிதம் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போய்ச் சேரவே மாதக்கணக்கு ஆகும். கேட்ட கேள்விக்கு விடை வர ஓராண்டுக்கு மேலும் செல்லும். அந்த நாகப்பட்டினத்திலிருந்துதான் வைட், கிளாஸ்கோவில் பேராசிரியராக இருந்த வில்லியம் ஹூக்கருக்குச் செடிகளையும் ஓவியங்களையும் அனுப்பத் தொடங்கினார். ஹூக்கர் அவற்றை அங்கே அச்சிட்டு உலகுக்கு அறிவித்தார். 1831இல் விடுமுறையில் தாயகம் போனபோது வைட் தம்மோடு கொண்டுபோன உலர்செடிகள் ஏறக்குறைய ஒரு லட்சம். எடை இரண்டு டன். பழைய நண்பர் வாக்கர் ஆர்னட்டுடன் கூடி 1834இல் தென்னிந்தியத் தாவரங்களைப் பற்றிய நூலின் முதற்பகுதியை வெளியிட்டுவிட்டு மீண்டும் கப்பல் ஏறினார்.

திரும்பியவருக்குக் கிடைத்த வேலை பெல்லாரியில் இருந்த படைப்பிரிவின் மருத்துவர் வேலை. அந்தப் படைப்பிரிவைப் பாளையங்கோட்டைக்கு மாற்றினர். சிப்பாய்களோடு வைட்டும் தெற்கே நெடும் பயணம் வந்து பாளையங்கோட்டையில் தங்கினார். அங்கிருந்து குற்றாலம் அறுபது கிலோமீட்டர் அளவுதான். அதனால் சிறு மாற்றல் உத்தரவு ஒன்று ஒரு தாவரவியலரைக் குற்றால மலைவாயிலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டது.

அவர் வருமுன்னரே குற்றாலம் கும்பெனியாருக்குத் தெரிந்த இடந்தான். 1796இல் ஆங்கிலேயர் டச்சுக்காரரிடமிருந்து மொலுக்கத் தீவுகளைப் பிடித்தனர். டச்சுக்காரர் காத்துவந்த கிராம்பு, ஜாதிக்காய் நாற்றுகளை எடுத்துப் பல நாடுகளில் நட்டுப் பார்த்தனர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குற்றாலத்திலும் கும்பெனியின் நறுமணப் பயிர்த் தோட்டம் உருவாயிற்று. எந்த இடத்தில் நட்டால் பிழைக்கும் என்று தேடியவர்கள், கரிசலும் செம்மண்ணும் நிறைந்த நெல்லைச் சீமையில் குற்றாலத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு.

தென்காசியில் வாழும் நமக்கு அந்தக் காரணம் உடம்பாலேயே தெரியும். மேற்குத் தொடர்ச்சி மலை நெடுஞ்சுவர்போல நின்று தென்மேற்குப் பருவக்காற்றின் மழையை மலையாளக் கரைக்கே கொடுத்துவிடுகிறது. செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவில் மட்டும் அந்தச் சுவரில் ஓர் இடைவெளி. ஆனி, ஆடி மாதங்களில் மேகம் அந்த இடைவெளி வழியே நுழைந்து நம்மேல் சாரலாக இறங்குகிறது. கிழக்கே திருநெல்வேலியில் வெயில் கொளுத்தும்; இங்கே வெயிலும் தூறலும் கைகோத்து நிற்கும். ஆகவே மலையாளத்து ஈரக் காட்டுச் செடியும் பாண்டி நாட்டு வறண்ட நிலத்துச் செடியும் சில கல் தொலைவுக்குள் சந்திக்கின்றன. கீழே கருவேலும் உடையும். பேரருவியைத் தாண்டிச் செண்பகாதேவி நோக்கி ஏறினால் பெரணிகளும் மர ஒட்டுச் செடிகளும் பாறைப் பாசியும். இத்தனை வகை இத்தனை சிறிய இடத்தில் அமைவது அரிது. வைட் இதைக் கண்டுகொண்டார். குற்றாலத்துத் தாவரங்களைப் பற்றி அவர் எழுதிய கட்டுரைகள் சென்னையில் நடந்த இலக்கிய அறிவியல் இதழில் 1835ஆம் ஆண்டையொட்டி வெளிவந்தன. இன்றும் இந்தியத் தாவர நூல்களைப் புரட்டினால், பல செடிகளின் அடியில் 'குற்றாலம், வைட்' என்னும் குறிப்பைக் காணலாம்.

ஆனால் குற்றால மலைச் செடிகளை முதன்முதலாக 'கண்டவர்' வைட் என்று யாரேனும் சொன்னால், அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டிலேயே தம் குறவஞ்சியில் இந்த மலையின் வளத்தைக் குறத்தியின் வாயால் விரித்துரைத்தவர். மலையில் வாழ்ந்த பளியருக்கு எந்தக் கிழங்கு உணவு, எந்த வேர் நஞ்சு என்பது தெரியும். சித்திரசபைச் சுவர்களில் மூலிகை வண்ணம் தீட்டிய ஓவியருக்கு எந்தச் செடியில் என்ன நிறம் உண்டு என்பது தெரியும். வைட் செய்தது வேறு ஒன்று. ஒரு செடியை அறுத்து, இதழையும் மகரந்தத்தாளையும் சூலறையையும் எண்ணி, உலகில் எங்கேயும் உள்ள ஒருவர் அடையாளம் காணும்படி எழுதியும் வரைந்தும் வைத்தார். அது பெரிய பணி. ஆயினும் அந்தப் பணியில் வரைந்த கை அவருடையதன்று.

அந்தக் கை ரங்கையாவினுடையது. தஞ்சாவூர் ஓவிய மரபைச் சேர்ந்த, தெலுங்கு பேசும் ராஜு வகுப்பினர். வைட்டிடம் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் வேலை செய்தார். அவருக்குப்பின் கோவிந்து என்பவர் வந்தார். தெய்வ உருவங்களுக்குப் பொன்தகடு ஒட்டும் மரபில் வந்த தூரிகை, உருப்பெருக்கியின்கீழ் வைத்த சூலறையின் குறுக்குவெட்டை வரையக் கற்றுக்கொண்டது. ஓவியத்தில் இது எளிய மாற்றமன்று. தஞ்சாவூர் மரபில் அழகுக்காக ஓர் இதழைக் கூட்டலாம். இங்கே ஓர் இதழைக் கூட்டினால் செடியின் குடும்பமே மாறிவிடும்! செடி வாடுமுன் வரைந்து முடித்தாக வேண்டும் என்ற அவசரமும் உண்டு.

1838 முதல் 1853 வரை சென்னையில் கல்லச்சில் வெளிவந்த வைட்டின் ஆறு தொகுதிப் பெருநூலில் 2,100க்கு மேற்பட்ட படங்கள் இருக்கின்றன. படங்கள் பலவற்றின் அடியில், சிறிய எழுத்தில், 'ரங்கையா வரைந்தது', 'கோவிந்து வரைந்தது' என்ற குறிப்பு இருக்கும். அக்காலத்து இந்திய ஓவியர்களில் இந்த அளவு மதிப்புக்கூடப் பெறாதவர் ஏராளம். அதற்காக வைட்டைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் மலையேறி, அட்டை கடிக்கச் செடி பறித்துக் கொண்டுவந்த கூலியாட்களுக்கு அந்தச் சிறிய எழுத்தும் கிடைக்கவில்லை.

அதன்பின் வைட்டின் வாழ்க்கை வேறு வழியில் போயிற்று. 1836இல் வருவாய்த்துறைக்கு மாற்றப்பட்டார். 1842 முதல் கோயம்புத்தூரில் அமெரிக்கப் பருத்தியைப் பயிரிடும் முயற்சிக்குப் பொறுப்பேற்றார். அந்த முயற்சி எதிர்பார்த்த பலன் தரவில்லை. 1853இல் ஓய்வுபெற்று இங்கிலாந்து சென்று, ரெடிங் நகருக்கு அருகில் வாழ்ந்து 1872இல் காலமானார். அவர் கொண்டுபோனவையும் அனுப்பியவையும் கியூ, எடின்பரோ முதலிய இடங்களில் இருக்கின்றன. ரங்கையா, கோவிந்து ஆகியோரின் மூல ஓவியங்கள் நூற்றுக்கணக்கில் எடின்பரோ அரசத் தாவரத் தோட்டத்தில் காக்கப்படுகின்றன. அந்தத் தோட்டத்தின் ஆய்வாளர் ஹென்றி நோல்ட்டி அவற்றை ஆராய்ந்து, 2007இல் மூன்று தொகுதிகளாக நூல் வெளியிட்டார். அதன் தலைப்பிலேயே ரங்கையா, கோவிந்து பெயர்கள் இடம்பெற்றன. நம் நாட்டில் தங்கிய வைட்டின் உலர்செடிகளைப் பார்க்க வேண்டுமானால் கோயம்புத்தூரில் உள்ள சென்னைத் தாவரத் தொகுப்பகத்துக்குப் போகவேண்டும்.

இப்பொழுது அந்த மாணவன் கேள்விக்கு வருகிறேன். மூலையில் இருந்துகொண்டு எதைச் செய்ய முடியும் என்றான் அவன். தர்சோ குற்றாலத்தைவிடப் பெரிய மூலை. அங்கே ஒருவர் ரொட்டி சுட்டுக்கொண்டே செய்தார். குற்றாலத்திலும் நாகப்பட்டினத்திலும் மற்றொருவர் சிப்பாய்களுக்கு மருந்து கொடுத்துக்கொண்டே செய்தார். ஆகவே மூலை தடையன்று. என்னை உறுத்துவது வேறு. தர்சோவில் பார்த்தவர் அந்த ஊரிலேயே இருந்து அந்த ஊரிலேயே இறந்தவர். பார்த்ததும் அங்கேயே தங்கிற்று. குற்றாலத்தில் பார்த்தவர் மாற்றலில் வந்து மாற்றலில் போனவர்; அறிந்தது கப்பலேறிப் போயிற்று. நம் மலைச் செடியின் முதல் ஓவியத்தைக் காண நம் பிள்ளை ஸ்காட்லாந்துக்குப் போகவேண்டிய நிலை வந்ததற்கு வைட் மட்டும் காரணமல்லர். 2019இல் தென்காசி தனி மாவட்டமானபோது எல்லோரும் புதிய அலுவலகங்களைப் பற்றிப் பேசினார்கள். இந்த மாவட்டத்துச் செடிகளின் உலர்தொகுப்பு ஒன்றை நம் பள்ளிகளே சேர்க்கலாமே என்று நான் சிலரிடம் சொன்னேன். தாள், நூல், பசை, அட்டை, பொறுமை. இவற்றுக்குமேல் பெரிய செலவு அதற்கு இல்லை. (காப்புக் காட்டில் மட்டும் வனத்துறையின் அனுமதியின்றிக் கை வைக்கக் கூடாது. வயல்வரப்பும் குளக்கரையும் வேலியோரமுமே பத்தாண்டுக்குப் போதும்.)

வரப்பு என்றதும் நினைவுக்கு வருகிறது. வைட், கோவிந்துவைச் சிறப்பிக்க ஓர் ஆர்க்கிடு இனத்துக்கு அவர் பெயரை வைத்தார். பிற்காலத்து அறிஞர் அந்த இனத்தை வேறோர் இனத்தோடு சேர்த்துவிட்டதால் அந்தப் பெயர் வழக்கிழந்தது. ரங்கையாவின் பெயரை வேறொருவர், ஜெர்மானிய அறிஞர் நீஸ், 1832இல் ஒரு சிறு செடியினத்துக்கு வைத்தார்: 'ருங்கியா'. அது இன்றும் வழங்குகிறது. அந்த இனத்துச் செடி ஒன்றை நீங்கள் பலமுறை மிதித்திருப்பீர்கள். நம் வைத்திய நூல்கள் கோடகசாலை என்று சொல்வது அதைத்தான். ஈரமான வரப்பிலும் குளக்கரையிலும் தரையோடு படர்ந்து கிடக்கும். கதிரின் ஒரு பக்கமாக மட்டும் வெளிறிய சிறு பூக்கள் வரிசையாகப் பூக்கும். அடுத்த சாரலுக்குப் பின், இலஞ்சிப் பக்கத்து வயல்களில் வரப்பின் அருகே குனிந்து பாருங்கள்; ஒரு கிளையைப் பறித்துப் பழைய செய்தித்தாளுக்கு இடையில் வைத்து அழுத்தி, பறித்த இடத்தையும் நாளையும் பென்சிலால் எழுதி வையுங்கள்.